வீட்டிலே ஓர் அச்சுக்கூடம்

மூதூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். தட்டெழுத்தும் கணினியும் கற்றவர். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பங்கள், முறைப்பாடுகள், தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களின் வினாத்தாள்கள் முதலியவற்றை வீட்டிலிருந்தபடியே தட்டெழுதிக் கொடுத்து வருகிறாராம். அச்சிடுவதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கடைத்தெருவுக்குப் போகவேண்டியிருக்கிறது. சீட்டுப் பணம் இந்த மாதம் கைக்கு வருகிறதாம். அதனைக் கொண்டு ஒரு லேசர் அச்சுப்பொறி வாங்குவதா, அன்றித் தையல் இயந்திரம் வாங்குவதா என்று தாய்க்கும் மகளுக்கும் வழக்கு நடக்கிறது. "ஐயாதான் தீர்ப்புச் சொல்லவேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

சீட்டுப் பணம் இலேசான பணம் அன்று. வயிற்றையும் வாயையும் கட்டிச் சேர்த்த பணம். ஆகவே, தீர்ப்பை அவசரப்பட்டு எழுதாமல், வழக்கிலே சம்பந்தப்பட்ட பொருள் யாதென்பதை முதலில் விசாரிப்போம்.

லேசர் அச்சுப்பொறியின் பாட்டனார் போட்டோக் கொப்பி எடுக்கும் யந்திரம். அதனைக் கண்டவர் செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர். கண்டுபிடிப்புரிமைப் பத்திரங்களைப் பிரதி செய்யும் கந்தோர் ஒன்றிலே வேலை பார்த்தவர், மூட்டுவாத நோயுடையவர். ஒரே பத்திரத்தைக் கையால் எழுதியும் தட்டெழுதியும் அலுத்தவர் என்பதனால், இதற்கொரு வழி காணவேண்டுமென்ற வைராக்கியம் அவருக்கு இருந்தது. 1938 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 22 ஆந் திகதி, நியூயோர்க் நகரத்தின் அஸ்ரோரியா என்னும் பகுதியில், வாடகை அறையொன்றிலே, ஒற்றோ கோர்ணி என்ற உதவியாளருடன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்தெழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் ஒழிந்தது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் நின்றது. நுண்ணிய பொடியைத் தூவினார். பொடி அந்த எழுத்திலே போய் ஒட்டிக்கொண்டது. அதனை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார். அன்றைய திகதியும் இடத்தின் பெயருமே அவர் எடுத்த முதற் பிரதி. இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. இருபத்தொரு ஆண்டு சென்று, 1959 இல், 'ஜெரொக்ஸ் 914' என்ற யந்திரம் வெளிவந்தபோதுதான் உலகம் அவர் சொன்னதை நம்பியது. தமிழகத்து அன்பர்கள் போட்டோக் கொப்பியை இன்றும் 'ஜெராக்ஸ்' என்றே சொல்வதன் காரணம் அந்தக் கம்பனிதான். உலர்ந்த எழுத்து என்ற பொருள்படக் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிய பெயர் அது.

அதே கம்பனியில் வேலை பார்த்த கரி ஸ்ராக்வெதர் என்பவர், 1969 அளவில், கண்ணாடித் துண்டுக்குப் பதிலாக லேசர்க் கதிராலே எழுதினால் என்ன என்று எண்ணினார். மேலதிகாரி தடுத்தார், இவர் விடவில்லை. 1971 இல் கலிபோர்ணியாவிலிருந்த அந்தக் கம்பனியின் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறி, அவ்வாண்டே பொறியை இயங்கச் செய்தார். ஆனால் அது ஓர் அறையை அடைக்கும் யந்திரம். 1984 இல் கனன் கம்பனியின் உள்ளுறுப்பைக் கொண்டு எச்.பி. கம்பனி மேசைமேல் வைக்கக்கூடிய 'லேசர்ஜெற்'றை வெளியிட்டபோது அதன் விலை 3,495 டொலர். அதே வேலையை அதனிலும் வேகமாகச் செய்யும் பொறி இன்று மூதூரிலே ஒரு பெண்ணின் சீட்டுப் பணத்துக்குள் அடங்குகிறது.

நம்மவர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை வகுத்த இராமலிங்கம் முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிலே வாழ்ந்தவர். பின்னர் நீண்ட காலம் நம் பாடசாலைகளில் அந்தத் தட்டெழுத்துப் பொறியால் ஸ்ரென்சில் வெட்டி, ரோணியோவிற் சுற்றி, மை ஒழுகும் கையோடு வினாத்தாள் வழங்கினோம்.

இப்பொழுது பொறியின் உள்ளே போவோம். உள்ளே ஓர் உருளை இருக்கிறது. இருட்டிலே மின்னேற்றத்தைத் தாங்கி, ஒளி பட்டவுடனே விட்டுவிடும் பூச்சுடையது. அந்த உருளைமேல், சுழலும் பலமுகக் கண்ணாடியொன்றின் உதவியால் லேசர்க் கதிர் வரிவரியாக ஓடி எழுத்தை எழுதுகிறது. 'டோனர்' எனப்படும் கறுப்புப் பொடி அங்கே ஒட்டுகிறது. தாள் கடந்து போகும்போது பொடி தாளுக்குத் தாவுகிறது. பின்பு, 180 பாகை, 200 பாகை வரை சூடேறிய உருளைகளுக்கிடையே தாள் நுழைய, பொடி உருகித் தாளின் நாரோடு ஒன்றிவிடுகிறது. டோனர் மை அன்று. பெரும்பகுதி பிளாஸ்ரிக்குப் பொடி. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், பின்னே சொல்லப்போகும் யாவும் தாமே விளங்கும்.

மை தெளிக்கும் பொறியையா, லேசர்ப் பொறியையா வாங்குவது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நிறப்படம் வேண்டுவோர்க்கும், திருமண அழைப்பிதழ் அச்சிடுவோர்க்கும் மைத்தொட்டி வைத்த பொறியே தக்கது. பக்கச் செலவும் அதிலே குறைவு. ஆனால் மைப் பொறிக்கு நாள்தோறும் வேலை வேண்டும். இரண்டு மூன்று கிழமை சும்மா கிடந்தால் மை உலர்ந்து துளை அடைபடும்; அதைத் திறக்கப் பின்னும் மை செலவாகும். டோனர் உலர்வதற்கு அதில் ஈரமே இல்லை. மாரி காலத்தில் தாளிலே ஒரு துளி மழை பட்டாற் சாதாரண மையெழுத்து ஊறிப் பரவும். உருகி ஒட்டிய டோனர் எழுத்து நிற்கும். கொட்டியாபுரக் குடாவின் கரையிலே, நனைந்த குடையோடு கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கும் மனிதரின் விண்ணப்பத்துக்கு இது சிறிய விஷயமா? எழுத்து வேலை மட்டுமே செய்பவர்க்கு, கறுப்பு வெள்ளை லேசர்ப் பொறியே என்பது என் துணிபு. நிற லேசர்ப் பொறி நான்கு டோனர் கேட்கும். அதனை வீட்டுக்குள் விடவேண்டா.

இனிக் கணக்கு. பொறியின் விலையைப் பார்த்து வாங்குகிறவர் பாதி விலையைத்தான் பார்க்கிறார். கன்றோடு பசுவை விலை பேசுகிறவன் தீனிச் செலவையும் பேசவேண்டும். பெட்டியோடு வரும் முதல் டோனர் பல பொறிகளில் நிறைந்ததாக இராது. முழு அளவிலும் குறைந்த பக்கமே தரும். பின்னர் வாங்கும் டோனரின் மேல் 1,500 பக்கம், 2,000 பக்கம் என்று எழுதியிருப்பது, தாளின் நூற்றில் ஐந்து பங்கு இடத்தை மட்டும் எழுத்து மூடும் என்ற கணக்கிலே சொன்னது. கட்டமும் படமும் நிறைந்த விஞ்ஞான வினாத்தாளுக்கு அது போதாது. சில பொறிகளில் டோனரும் உருளையும் ஒரே கூடாக வரும். வேறு சிலவற்றில் உருளை தனி. பிறதர் கம்பனியின் பல சிறு பொறிகளில் உருளை 12,000 பக்கம் வரை உழைக்கும் என்று கம்பனியே கணக்குச் சொல்கிறது.

எண்களை நான் விளக்கத்துக்காகவே வைக்கிறேன். அன்றைய கடைவிலையை இட்டு நீங்களே செய்து பாருங்கள். டோனர் 6,000 ரூபா, 1,500 பக்கம். பக்கத்துக்கு 4 ரூபா. உருளை 12,000 ரூபா, 12,000 பக்கம், 1 ரூபா. ஒரு றீம் தாள் 1,500 ரூபா, 500 தாள், 3 ரூபா. ஆக 8 ரூபா. கடையிலே பக்கத்துக்கு 15 ரூபா கொடுத்து வந்தால், வீட்டில் அச்சிடுவதால் மிச்சம் 7 ரூபா. பொறி 70,000 ரூபா என்றால் 10,000 பக்கம் அச்சிட்ட பின்பே முதல் திரும்பும். நாளுக்கு 40 பக்கம் வேலை வருமாயின் 250 வேலைநாளில் முதல் வந்துவிடும். நாளுக்கு நாலு பக்கமே வருமாயின் 2,500 நாள் வேண்டும்; அதற்குள் பொறிக்கு வயது போய்விடும்.

மூதூர்ச் சகோதரிக்கு என் தீர்ப்பு இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. சென்ற மூன்று மாதங்களில் கடையில் எத்தனை பக்கம் அச்சிட்டீர்கள் என்று பற்றுச்சீட்டைப் பார்த்து எண்ணுங்கள். நாளுக்கு இருபதுக்கு மேலானால் அச்சுப்பொறி; பத்துக்குக் குறைந்தால், தாயார் சொல்வதே சரி, தையல் இயந்திரம். இடையிலே நின்றால், வகுப்பு நடத்தும் ஆசிரியர் இருவரிடம் "மாதந்தோறும் வேலை தருவீர்களா" என்று கேட்டுவிட்டுப் பணத்தை அவிழ்க்கவேண்டும். வேலை வரும் என்ற நம்பிக்கையிலே பொறி வாங்குவதும், மழை வரும் என்ற நம்பிக்கையிலே விதைப்பதும் ஒன்றல்ல. மழை எப்படியும் ஒருநாள் வரும்.

வாங்குவதென்று தீர்ந்தால், ஸ்கேன் செய்து பிரதி எடுக்கும் வசதியும் சேர்ந்த பொறியையே வாங்குக. சற்று விலை கூடினாலும் தயங்கவேண்டா. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும், 2006 ஆம் ஆண்டு ஊரோடு இடம்பெயர்ந்த நாட்களிலும், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இழந்து, பின்னர் கந்தோர் கந்தோராய் அலைந்தவர்கள் அந்தப் பகுதியிலே பலர். உறுதியின் ஒரு பிரதி உறவினர் வீட்டிலே இருந்தால், இலக்கமும் திகதியும் அதிலே இருக்கும்; பதிவகத்திலே தேடி எடுப்பது எளிதாகும். வீட்டுப் பிரதி சட்டப்படி அத்தாட்சிப்படுத்திய பிரதி ஆகாது. ஆயினும், இலக்கம் தெரியாமல் தேடுவதற்கும் தெரிந்து தேடுவதற்கும் உள்ள வேற்றுமை அலைந்தவர்க்கே தெரியும். கடையிலே பென் டிரைவைக் கொடுத்து அச்சிடும்போது உங்கள் பத்திரம் அந்தக் கணினியிலே தங்கிவிடுவதும், கணினிக் கிருமி உங்கள் பென் டிரைவிலே ஏறி வருவதும் உண்டு. வீட்டிலே அச்சிட்டால் அந்த இரண்டு கவலையும் இல்லை.

இருபக்கமும் தானே அச்சிடும் வசதியும் வேண்டும். 2022 மார்ச்சிலே தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும், கொழும்பிலே 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் நின்றதையும் நாம் கண்டோம். மூதூரிலிருந்து வெருகல் கடந்து தெற்கே போனால் வாழைச்சேனை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் அங்கே அரசாங்கக் காகித ஆலை எழுந்தது. வயல் வைக்கோலைத் தாளாக்கியது. அது நலிந்த கதையைப் பேச இந்தப் பத்தி போதாது. ஒரு தாளின் இரு முகத்தையும் பயன்படுத்தினால் மேற்சொன்ன 3 ரூபா ஒன்றரையாகிறது என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கிறேன்.

தாள் வாங்குவதிலே மாணவர்கள் பெற்றோருக்கு உதவலாம். ஏ4 தாள் என்பது ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு. 80 கிராம் தாள் என்றால் ஒரு சதுர மீற்றர் 80 கிராம் நிறை. ஆகவே ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கொண்ட றீம் இரண்டரைக் கிலோ. 70 கிராம் தாளாயின் றீம் சுமார் 2 கிலோ 190 கிராம். உறையிலே 80 என்று அச்சிட்டிருந்தும் தராசு இரண்டு கிலோ காட்டினால், ஒன்றில் தாள் மெலிந்தது, அல்லது எண்ணிக்கை குறைந்தது. எந்தப் பலசரக்குக் கடைத் தராசிலும் இந்தப் பரீட்சையைச் செய்யலாம். வினாத்தாளுக்கு 70 போதும். இருபக்கம் அச்சிட 80 நன்று, மறுபக்கத்து எழுத்துத் தெரியாது.

கடலோர ஊரிலே பொறிக்கு முதற் பகை ஈரம். வாடைக் காற்றும் மாரியும் சேரும் கார்த்திகை, மார்கழியில் தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரத் தாள் மின்னேற்றத்தைக் கசியவிடும். அதனால் எழுத்து வெளிறும். சூட்டு உருளையில் அந்த ஈரம் ஆவியாகித் தாள் சுருளும். சுருண்ட தாள் சிக்கும். பொறி பழுதென்று எண்ணித் திருத்துவோனை அழைப்பதற்கு முன், புதிய றீமைப் பிரித்துப் பத்துத் தாள் வைத்துப் பார்க்கவேண்டும். பிரித்த றீமை, பிஸ்கற் தகரம் போன்ற மூடியுள்ள பெட்டியிலே வைப்பது போதும். தட்டிலே அன்றைய தேவைக்கு மேல் தாள் விடவேண்டா. வைகாசி தொடக்கம் கச்சான் காற்று அடிக்கும்போது நிலைமை மறுதலை: தாள் காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு மூன்றாய் உள்ளே போகும். அடுக்கை வைப்பதற்கு முன் விசிறி போல் விரித்துத் தட்டி வைத்தால் தீரும். அந்தக் காற்றோடு புழுதியும் வருவதால், வேலை முடிந்தபின் பொறியை ஒரு பருத்தித் துணியால் மூடுக. சூடு ஆறிய பின்னரே மூடுக. எறும்புக்கும் பல்லிக்கும் அந்தச் சூடு மிகப் பிரியம்.

இரண்டாவது பகை மின்சாரம். 2022 மார்ச் மாத முடிவில் ஒரு நாளிலே 13 மணித்தியாலம் இருளில் இருந்தோம். அதற்குப் பின்னர் கணினிக்கு யூ.பி.எஸ். வாங்காத வீடில்லை எனலாம். ஆனால் லேசர்ப் பொறியை அந்தச் சிறு யூ.பி.எஸ்.சிலே மாட்டலாகாது. அச்சிடும்போது 300 முதல் 500 உவாற்று வரையும், சூடேறும் வேளையில் அதனிலும் மிகையாகவும் அது இழுக்கும்; 650 வோல்ற் அம்பியர் என்று எழுதிய யூ.பி.எஸ். தாங்காது. கணினி யூ.பி.எஸ்.சிலும் அச்சுப்பொறி நேரே சுவர்ச் செருகியிலும் இருக்கட்டும். மின்சாரம் திடீரென நின்று தாள் உள்ளே அகப்பட்டால், ஆளியை மூடி, சூடு ஆறவிட்டு, தாள் போகும் திசையிலேயே மெல்ல இழுக்கவேண்டும்.

பொடி சிந்தினால், உலர்ந்த துணியாலும் பின்பு குளிர்ந்த நீராலும் துடைக்கவேண்டும். வெந்நீர் பட்டால் அது உருகி ஒட்டிவிடும். சட்டையிலே பட்டதை வெந்நீரில் ஊறவைத்த தாய்மாருக்கு, சட்டை பிறகு கைப்பிடித் துணியாகவே பயன்படும். உருளையைக் கையால் தொடலாகாது. வெயிலிலே வைக்கவும் ஆகாது.

தாளிலே ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், அடிமட்டத்தை எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். பல சிறு பொறிகளில் உருளையின் விட்டம் 24 மில்லிமீற்றர், அதனை 3.14 ஆற் பெருக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 75. புள்ளிகள் 75 மில்லிமீற்றருக்கு ஒன்றாக விழுந்தால் வடு உருளையிலே இருக்கிறது. வேறு அளவானால் வேறு உருளையிலே. வட்டத்தின் சுற்றளவு எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவனுக்கு இதைக் காட்டலாம்.

மலிவு டோனரும் நிரப்பிய டோனரும் வாங்கலாமா? கறுப்பு வெள்ளைப் பொறிக்கு நல்ல கடையில் நிரப்பியது பெரும்பாலும் குற்றமில்லை. ஆனால் சில பொறிகளில் டோனர்க் கூட்டிலே ஒரு சிறு 'சிப்' இருக்கும். கம்பனியின் சரக்கு அல்லாததைப் பொறி ஏற்காது. எச்.பி. கம்பனி 2020 இல் கொண்டுவந்த 'எச்.பி. பிளஸ்' என்னும் ஏற்பாட்டிற் சேர்ந்த பொறிகள், எப்போதும் இணையத் தொடர்போடு இருக்கவேண்டும், அந்தக் கம்பனியின் டோனரையே உண்ணவேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தன. இணையம் அறுந்து அறுந்து வரும் ஊர்களுக்கு இது ஒவ்வாது. "நிரப்பிய டோனர் இதற்கு ஏறுமா, ஒரு சாதாரண வயரிலே வேலை செய்யுமா" என்ற இரண்டு கேள்வியையும் விற்பவரிடம் கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

உத்தரவாதக் காலத்திலே பொறியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் கேட்கவேண்டும். 2009 ஒக்ரோபரிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரும், அதனைத் தொடர்ந்து வழியிலுள்ள மற்றைப் பாலங்கள் அமைந்த பின்னரும், மூதூருக்குத் திருகோணமலை நகர் அண்டை வீடாயிற்று. வ. அ. இராசரத்தினம் 'தோணி' எழுதிய காலத்து மூதூர் அன்று இது. ஆயினும் கொழும்புக்கு அனுப்பித்தான் திருத்துவோம் என்று சொல்லும் கடையிலே வாங்குவதிலும், நகரிலேயே திருத்தும் கடையில் ஆயிரம் ரூபா கூடக் கொடுத்து வாங்குவது மேல். பஸ்ஸிலோ மோட்டார்ச் சைக்கிளிலோ கொண்டு போகும்போது டோனரைக் கழற்றித் தனியே ஒரு பையிற் சுற்றி எடுத்துச் செல்லவேண்டும். இல்லையேல் குழியில் விழுந்த ஒவ்வொரு முறையும் உள்ளே பொடி கொட்டும்.

கடைசியாக எழுத்துரு. நம் நாட்டிலே தட்டெழுதுவோர் பலர் இன்னும் 'பாமினி' எழுத்துருவையே விடாமற் பிடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே பத்திரத்தைத் திறந்தால், தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையே தோன்றும். ஆசிரியர் அனுப்பும் வினாத்தாள் உங்கள் வீட்டுப் பொறியில் இப்படி அச்சாகினால், அது பொறியின் குற்றம் அன்று. யூனிக்கோட் முறையிலே தட்டெழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது முடியாதவர்கள் பீ.டீ.எவ். ஆக மாற்றி அனுப்பட்டும், எழுத்துரு அதனுள்ளேயே அடங்கி வரும். தமிழ்ப் புள்ளியெழுத்துகள் தெளிவாக விழ, அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சிடும் பொறி தாராளமாய்ப் போதும். 1,200 என்று சொல்லி அதிக விலை கேட்டால், உங்கள் வினாத்தாள் ஒன்றை இரண்டு பொறியிலும் அச்சிடுவித்து, கடை வாசலின் வெளிச்சத்திலே பக்கம் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள்.